நாடு நீங்கி வாழும் பத்திரிகையாளர் ஒருவரைப் பேச அழைத்திருக்கிறோம்: அவருடைய நிபந்தனைகள் குறித்து உங்கள் கருத்து தேவை

தல்லாகுளம் வாசகர்

மதுரையில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில், அண்டை நாடு ஒன்றிலிருந்து உயிர் தப்பி வெளியேறி, இப்போது ஐரோப்பாவில் தஞ்சம் பெற்று வாழும் பத்திரிகையாளர் ஒருவரை இணையவழியில் பேச அழைத்திருக்கிறோம். அவர் எந்த நாட்டவர், இப்போது எந்த நகரத்தில் இருக்கிறார் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. பேச ஒப்புக்கொண்ட அவர் மூன்று நிபந்தனைகளை விதித்திருக்கிறார். உரையைப் பதிவு செய்யக் கூடாது. அவர் பெயரோ படமோ அழைப்பிதழில் வரக் கூடாது. கூட்டத்துக்கு வந்தவர்கள் யார் யார் என்ற பட்டியல் எதையும் நாங்கள் வைத்திருக்கக் கூடாது.

காரணத்தை அவரே சொன்னார். முன்பு அவர் ஒரு தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்த மறுவாரம், ஊரில் தனியாக இருக்கும் அவருடைய தாயாரின் வீட்டுக்குச் சாதாரண உடையில் இருவர் வந்திருக்கிறார்கள். மிரட்டவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. மகன் எப்போது பேசுவான், எந்த எண்ணிலிருந்து பேசுவான், பணம் அனுப்புகிறானா என்று கேட்டுவிட்டு, அந்த அம்மா கொடுத்த தேநீரையும் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதன் பிறகு தாயும் மகனும் நெடுநாள் பேசிக்கொள்ளவில்லை.

வட்டத்தில் இதைச் சொன்னதும் கருத்து இரண்டாகப் பிரிந்துவிட்டது. யாருக்கும் தெரியாமல் ஓர் அறைக்குள் கேட்டுவிட்டுக் கலைவதால் அவருக்கு என்ன பயன் என்று சிலர் கேட்கிறார்கள். அவர் சொன்னபடியே செய்ய வேண்டும், அதற்கு மேல் பேச்சில்லை என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். நாடு நீங்கிய செய்தியாளர்களுக்கும் செயற்பாட்டாளர்களுக்கும் மதுரையில் இருந்துகொண்டு உருப்படியாக என்ன செய்ய முடியும் என்பதையும் சேர்த்து, அனுபவமுள்ளவர்கள் எழுத வேண்டுகிறேன்.

ஒத்தக்கடை ஆசிரியர்

என்ன பயன் என்று கேட்ட முதல் தரப்பைச் சேர்ந்தவன் நான் என்பதால் காரணத்தை விளக்கிவிடுகிறேன். பஹ்ரைன் நாட்டுக் கால்பந்து வீரர் ஹக்கீம் அல்-அரைபி தன் அரசை விமர்சித்துவிட்டு ஆஸ்திரேலியாவில் அகதியாக ஏற்கப்பட்டவர். 2018 நவம்பரில் தேனிலவுக்காக மனைவியுடன் பாங்காக் போனவரை, பன்னாட்டுக் காவல் அமைப்பான இன்டர்போலிடம் பஹ்ரைன் கேட்டுப் பெற்றிருந்த தேடுதல் அறிவிப்பைக் காட்டித் தாய்லாந்து கைது செய்தது. அவர் இரண்டு மாதங்களுக்கு மேல் சிறையில் இருந்தார். காலில் விலங்குடன் நீதிமன்றத்துக்கு அழைத்து வரப்பட்ட அவருடைய படம் உலகம் முழுவதும் போனது. கால்பந்து வீரர்கள் பேசினார்கள், ஆஸ்திரேலிய அரசு பேசியது. 2019 பிப்ரவரியில் விடுதலையானார். அன்று எல்லோரும் அமைதி காத்திருந்தால் அவர் பஹ்ரைன் சிறைக்குத்தான் போயிருப்பார்.

ஒடுக்குகிற அரசுகள் விரும்புவதே இந்த மௌனத்தைத்தான். நம் பங்குக்கு நாமும் அதைக் கடைப்பிடித்தால் அவர்கள் வேலையை நாமே செய்து கொடுத்தவர்களாவோம் என்பது என் கவலை.

முன்னாள் துணையாசிரியர்

ஒத்தக்கடை நண்பர் சொன்ன நிகழ்வு உண்மை. ஆனால் அதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹக்கீம் ஏற்கெனவே பிடிபட்டிருந்தார். இழப்பதற்கு அவரிடம் எதுவும் மிச்சம் இல்லாத நிலையில் விளம்பரம் அவருக்குக் கவசமானது. தல்லாகுளம் நண்பர் அழைத்திருக்கிறவர் சுதந்திரமாக இருக்கிறார். பிடியில் இருப்பது அவருடைய தாய். இரண்டு நிலைகளுக்கும் ஒரே மருந்தைக் கொடுக்க முடியாது.

நாற்பதாண்டுக் காலம் செய்தி மேசையில் இருந்தவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லை தாண்டிய ஒடுக்குமுறை, அதாவது நாடு விட்டுப் போனவரையும் அவருடைய அரசு விடாமல் துரத்துவது, என்றதும் நம் நினைவுக்கு வருவது கொலையும் கடத்தலும்தான். சவூதி எழுத்தாளர் ஜமால் கஷோகி, தன் திருமணத்துக்குத் தேவையான ஒரு சான்றிதழை வாங்குவதற்காக 2018 அக்டோபர் 2 அன்று இஸ்தான்புல்லில் உள்ள சவூதித் துணைத் தூதரகத்துக்குள் போனார், திரும்பி வரவில்லை. 2021 மே 23 அன்று ஏதென்ஸிலிருந்து வில்னியஸ் போய்க்கொண்டிருந்த ரையன்ஏர் விமானத்தை பெலாரஸ் தன் தலைநகரில் இறங்க வைத்து, அதிலிருந்த எதிர்ப்புச் செய்தியாளர் ராமன் புரோட்டாசேவிச்சைக் கைது செய்தது. பாகிஸ்தான் செய்தியாளர் அர்ஷத் ஷெரீஃப் 2022 அக்டோபரில் கென்யாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஈரானியச் செய்தியாளர் மசி அலிநெஜாத் நியூயார்க்கில் வசிக்கிறார். அவரைக் கடத்தத் திட்டமிட்டதாக 2021 ஜூலையில் ஈரானியர் நால்வர் மீது அமெரிக்கா குற்றம் சாட்டியது. மறுவருடம் அதே ஜூலையில் அவர் வீட்டருகே துப்பாக்கியுடன் ஒருவர் பிடிபட்டார். இலண்டனில் 2024 மார்ச் 29 அன்று ஈரான் இன்டர்நேஷனல் தொலைக்காட்சியின் பூரியா ஸெராட்டி தன் வீட்டு வாசலிலேயே கத்தியால் குத்தப்பட்டார்.

உலக நாடுகளில் சுதந்திரத்தின் நிலையை ஆராயும் ஃப்ரீடம் ஹவுஸ் நிறுவனம் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், 2014 முதல் நடந்த கொலை, தாக்குதல், கடத்தல், தடுத்துவைத்தல், நாடு கடத்தல் போன்ற நேரடிச் சம்பவங்களாக 608-ஐப் பதிவு செய்திருந்தது. அவற்றைச் செய்தவை 31 நாடுகள். அவை நடந்தது 79 நாடுகளில். ஆனால் இந்த எண்ணிக்கைக்குள் தாயார் வீட்டில் தேநீர் குடித்த இருவர் வர மாட்டார்கள். அன்றாடம் நடப்பது அதுதான். செலவும் குறைவு, உலகச் செய்தியாவதும் இல்லை.

அலிநெஜாத்தின் அண்ணன் அலிரெஸா 2019-இல் கைதாகி எட்டாண்டுத் தண்டனை பெற்றார். அமெரிக்காவில் ரேடியோ ஃப்ரீ ஏசியாவின் உய்குர் பிரிவில் பணியாற்றிய குல்செஹ்ரா ஹோஜாவின் உறவினர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் 2018 தொடக்கத்தில் சீனாவில் பிடிக்கப்பட்டார்கள். 2017-இல் ஈரான், பிபிசி பாரசீகப் பிரிவோடு தொடர்புடைய 152 பேரின் சொத்துகளை முடக்கியது. அதன் விளைவாக அப்பாவின் வீட்டைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளவோ விற்கவோ கூட அவர்களால் முடியவில்லை. ஹாங்காங் காவல்துறை 2023 ஜூலையில் வெளிநாட்டில் உள்ள ஜனநாயகச் செயற்பாட்டாளர்கள் எட்டுப் பேரின் தலைக்கு ஆளுக்கு பத்து லட்சம் ஹாங்காங் டாலர் பரிசு அறிவித்தது. அடுத்த சில நாட்களிலேயே அவர்களில் ஒருவரான நேதன் லோவின் பெற்றோரும் அண்ணனும் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள்.

ஆகவே அந்தப் பத்திரிகையாளர் நம்மிடம் மௌனத்தைக் கேட்கவில்லை. எப்போது, எந்த இடத்தில், எவ்வளவு பேசுவது என்ற முடிவைத் தன் கையில் வைத்துக்கொள்ளவே கேட்கிறார். தன் நாட்டில் அந்த உரிமை பறிபோனதால்தானே அவர் வெளியேறினார்? அதை நாமும் அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளக் கூடாது.

ஆனையூர்வாசி

நான் ஆனையூர் மறுவாழ்வு முகாமில் வளர்ந்தவன். 2021-இல் அரசு பெயரை மாற்றுவதற்கு முன்னால் அது அகதிகள் முகாம். மூன்றாவது நிபந்தனையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் விவாதத்தில் அது இதுவரை வரவில்லை.

வந்தவர்களின் பட்டியல் வேண்டாம் என்று அவர் சொன்னது தனக்காக மட்டும் அல்ல என்று நினைக்கிறேன். எங்களைப் போன்றவர்கள் கூட்டத்துக்கு வருவதாக இருந்தால், எங்கள் பெயரும் கைபேசி எண்ணும் ஒரு தாளில் இருப்பதே எங்களுக்குச் சுமை. முகாமில் வருகைப் பதிவு உண்டு. எங்களைக் கண்காணிக்கும் கியூ பிரிவு உளவுக் காவலர்கள் எங்களுக்கு முகம் தெரிந்தவர்கள். யார் எந்தக் கூட்டத்துக்குப் போனார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய நிலையில் இருக்கிறோம். இங்கே பிறந்து, இங்கே படித்து, இங்கேயே வேலை பார்க்கும் என் தம்பிக்கும் இன்றுவரை குடியுரிமை இல்லை. ஒரு கேள்விக்குறி எழுந்தால் அது அவனுடைய விண்ணப்பத்தின் மீது விழும் என்ற அச்சம் வீட்டில் எப்போதும் உண்டு.

இலங்கையில் 2000 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் அவருடைய வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2005 ஏப்ரலில் தர்மரத்தினம் சிவராம் கடத்திக் கொல்லப்பட்டார். 2009 ஜனவரியில் லசந்த விக்கிரமதுங்க. 2010 ஜனவரியில் பிரகீத் எக்னெலிகொட காணாமல் ஆக்கப்பட்டார். தமிழர், சிங்களர் என்ற வேறுபாடு இல்லாமல் அந்த ஆண்டுகளில் எத்தனையோ செய்தியாளர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். ஜெர்மனிக்கும் பிரித்தானியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனவர்களைப் பற்றி உலகத்துக்குக் கொஞ்சமாவது தெரியும். கடல் கடந்து இராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் இறங்கியவர்களில் எழுதத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் பிறகு எழுதவே இல்லை. பெயிண்ட் அடிக்கப் போனார்கள். அவர்களைப் பத்திரிகையாளர் என்று இங்கே யாரும் அழைத்ததில்லை.

நீங்கள் பட்டியல் இல்லாமல் நடத்தினால் நான் வருவேன்.

தல்லாகுளம் வாசகர்

ஆனையூர் அண்ணா, இதை எழுதியதற்கு நன்றி. பட்டியல் இருக்காது. மண்டபத்து வாசலில் பெயர் எழுதும் நோட்டுப் புத்தகம் ஒன்று எப்போதும் இருக்கும். அன்று அதை எடுத்து உள்ளே வைத்துவிடச் சொல்கிறேன்.

மாட்டுத்தாவணி

எல்லோரும் நல்ல எண்ணத்தோடுதான் எழுதுகிறீர்கள். எனக்கு இரண்டு கேள்விகள் உண்டு, அவற்றை மனம் திறந்து கேட்டுவிடுகிறேன். முதலாவது, நம் ஊரில் செய்தியாளர்களுக்கு இருக்கும் பாதுகாப்பு என்ன? 2007 மே 9 அன்று இதே மதுரையில் ஒரு நாளிதழ் அலுவலகம் எரிக்கப்பட்டு மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். அவர்களுக்காக நாம் தொடர்ந்து பேசினோமா? இரண்டாவது, மற்ற நாடுகளின் பட்டியலை நீளமாகப் போடுகிறோம். நம் நாட்டைப் பற்றி ஏன் ஒரு வரியும் இல்லை? கனடாவில் 2023 ஜூனில் காலிஸ்தான் ஆதரவாளர் ஹர்தீப் சிங் நிஜ்ஜார் கொல்லப்பட்டதில் இந்திய முகவர்களுக்குத் தொடர்பிருப்பதாக அந்நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்திலேயே சொன்னார். இந்தியா அதை மறுத்தது. அதே ஆண்டு நவம்பரில், தன் மண்ணில் ஒருவரைக் கொல்ல நடந்த சதியில் இந்திய அரசு ஊழியர் ஒருவருக்குப் பங்குண்டு என்று அமெரிக்காவும் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டியது. புலிட்சர் பரிசு பெற்ற காஷ்மீர்ப் படப்பிடிப்பாளர் சன்னா இர்ஷாத் மட்டூ, பரிசை வாங்க நியூயார்க் போகவிடாமல் 2022 அக்டோபரில் தில்லி விமான நிலையத்தில் நிறுத்தப்பட்டார். இவற்றையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு அடுத்த நாட்டு அரசைக் கண்டிப்பது எளிது.

முன்னாள் துணையாசிரியர்

மாட்டுத்தாவணி நண்பரே, இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள்தான். எரிந்த அந்த அலுவலகத்தில் இறந்தவர்கள் எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள். அந்த நாளை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். அளவுகோல் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஒருவருடைய கருத்து எனக்குப் பிடிக்கிறதா, அவரைத் துரத்துகிற அரசு எனக்கு வேண்டிய அரசா என்று பார்த்து ஆதரவு கொடுக்கத் தொடங்கினால் அதற்குப் பெயர் கட்சி அரசியல். நிஜ்ஜாரின் அரசியலை ஏற்காதவரும் இன்னொரு நாட்டு மண்ணில் ஆள் வைத்துக் கொல்வதை ஏற்கக் கூடாது. குற்றச்சாட்டு மெய்யா என்பதை நீதிமன்றங்கள் முடிவு செய்யட்டும். விசாரணையே வேண்டாம் என்று சொல்வதற்கு நமக்கு நியாயம் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தியா எப்போதும் இப்படித்தான் என்றும் எழுதிவிட முடியாது. பர்மாவின் இராணுவ ஆட்சியிலிருந்து தப்பி வந்தவர்கள் மிஸ்ஸிமா என்ற செய்தி நிறுவனத்தை 1998-இல் தொடங்கியது புது தில்லியில்தான். திபெத்தியர்கள் தர்மசாலாவில் இத்தனை ஆண்டுகளாகப் பத்திரிகை நடத்துகிறார்கள். அதே இந்தியா, 2016 ஏப்ரலில் உய்குர் தலைவர் டோல்குன் ஈசாவுக்குக் கொடுத்த விசாவைச் சில நாட்களில் திரும்பப் பெறவும் செய்தது. அரசுகளின் விருந்தோம்பல் அவரவர் வெளியுறவைப் பொறுத்து மாறும். நிலையாக இருக்கக் கூடியது மக்கள் கொடுக்கும் துணைதான்.

அது எப்படி இருக்கும் என்பதற்கு நமக்கு அந்நிய நாட்டு உதாரணமும் தேவையில்லை. 1904-இல் இங்கே சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த பாரதியார், நான்கே ஆண்டுகளில் நாடு நீங்கிய பத்திரிகையாளராகிவிட்டார். 1908-இல் ‘இந்தியா’ இதழுக்கு எதிராகச் சென்னையில் கைது நடவடிக்கை தொடங்கியதும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போனார், பத்தாண்டுகள் அங்கேதான். இதழை அங்கிருந்து தொடர்ந்து நடத்தியபோது, பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது வர முடியாதபடி அரசு தடுத்தது. வாசகர்களும் சந்தாவும் இருந்தது எல்லைக்கு இந்தப் பக்கம். ஆகவே 1910 மார்ச்சில் இதழ் நின்றுபோனது. எழுதியவரைத் தொடவே தேவையில்லை, எழுத்துக்கும் வாசகருக்கும் இடையே உள்ள வழியை அடைத்தால் போதும் என்பது அன்றே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று இணையதளங்களை முடக்குவதும் அதே வேலைதான்.

புதுச்சேரித் தெருக்களில் பிரிட்டிஷ் ஒற்றர்கள் நின்றார்கள். கடிதங்கள் வழியிலேயே பிரிக்கப்பட்டன. 1911 ஜூனில் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட பிறகு கெடுபிடி அதிகமானது, வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் பொய்யான தஸ்தாவேஜுகளைப் போட்டு மாட்டவைக்கப் பார்த்தார்கள். புதுச்சேரியில் தங்கும் வெளியார் ஒவ்வொருவரும் ஊரில் மதிப்புள்ள ஐந்து பேரிடம் கையெழுத்து வாங்கித் தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது, பெரிய மனிதர்கள் பலர் தயங்கினார்கள். அந்தக் கையெழுத்துகளை ஒரே நாளில் திரட்டிக் கொடுத்தவர் கலவை சங்கரச் செட்டியார். வீட்டு வாடகையை வாங்க வந்து, கேட்காமலே திரும்பிப் போவாராம் விளக்கெண்ணெய்ச் செட்டியார். இவர்கள் மேடையில் ஏறி முழங்கியவர்கள் இல்லை. ஒருவர் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார், ஒருவர் வாடகைக்குப் பொறுத்தார். ஒரு கவிஞர் பத்தாண்டு எழுத முடிந்தது.

கே.கே. நகர் வழக்குரைஞர்

ஐயா சொன்ன அந்த ஐந்து கையெழுத்து விஷயம் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆகவே சட்டப் பக்கத்தை எழுதுகிறேன்.

நாடு நீங்கியவரை வீழ்த்த எளிய கருவி ஆவணம். கடவுச்சீட்டு காலாவதியாகும், புதுப்பிக்கத் தூதரகத்துக்குப் போக வேண்டும், போவது பாதுகாப்பில்லை, அல்லது போனாலும் தர மாட்டார்கள். பெலாரஸ் 2023 செப்டம்பரில் தன் தூதரகங்கள் வெளிநாட்டில் வாழும் குடிமக்களுக்குக் கடவுச்சீட்டு வழங்குவதையே நிறுத்தி ஆணை பிறப்பித்தது. புதிதாக வேண்டுமானால் நாட்டுக்குத் திரும்பி வந்துதான் வாங்க வேண்டும், அதாவது சிறைக்கு வந்து. கடவுச்சீட்டு இல்லாமல் பல நாடுகளில் வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் எல்லாமே சிக்கலாகும். இன்டர்போல் அறிவிப்பு இன்னொரு கருவி. அரசியல், இராணுவ, சமய, இனத் தன்மையுள்ள விவகாரங்களில் தலையிடக் கூடாது என்று இன்டர்போலின் சாசனம் மூன்றாம் பிரிவிலேயே இருக்கிறது. ஆனாலும் மோசடி, பயங்கரவாதம் என்ற பெயரில் விண்ணப்பம் போட்டுவிடுகிறார்கள். பின்னர் அது நீக்கப்பட்டாலும் இடையில் அவர் சிறையில் இருந்த காலம் போனது போனதுதான்.

இந்தியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, நமக்கென்று தனி அகதிகள் சட்டமும் இல்லை. இங்கே தஞ்சம் கேட்டு வருபவர் சட்டத்தின் கண்ணில் வெறும் வெளிநாட்டவர். ஆனால் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்ப் பாதுகாப்பு குடிமக்களுக்கு மட்டும் உரியதல்ல. 1996-இல் அருணாசலப் பிரதேச சக்மா மக்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. உயர் நீதிமன்றத்தின் நம் மதுரைக் கிளையிலும் 2019 ஜூனில், திருச்சி கொட்டப்பட்டு முகாமைச் சேர்ந்த 65 பேர் குடியுரிமைக்கு மீண்டும் விண்ணப்பிக்க வழி செய்து தீர்ப்பு வந்தது. ஆகவே எங்கள் தொழிலில் இருப்பவர்கள் செய்யக் கூடியது நிறைய இருக்கிறது. ஒருவர் மாதம் ஒரு நாள் ஒதுக்கி ஒரு குடும்பத்தின் காகிதங்களைச் சரி செய்து கொடுத்தாலே அது ஒரு ஊர்வலத்தைவிட மேலானது. ஆனையூர் நண்பர் விரும்பினால் தம்பியின் விண்ணப்பத்தை நான் பார்க்கிறேன், கட்டணம் வேண்டாம். விவரங்களை இங்கே எழுத வேண்டாம், நேரில் வாருங்கள்.

திருநகர் கணினியாளர்

கூட்டத்தின் தொழில்நுட்பப் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். அதை ஒட்டிச் சில சொற்கள்.

தயவுசெய்து இதற்காக வாட்ஸ்அப் குழு தொடங்காதீர்கள். குழுவில் சேர்ந்த ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும்; அதுவே ஒரு பட்டியல். ஒருவருடைய கைபேசி பிடிபட்டால் எல்லோருடைய எண்ணும் பிடிபட்டதாகும். அழைப்பை நேரில் அல்லது தனித்தனியாகச் சொல்லுங்கள். உரை நடக்கும் அறையில் ஒரே ஒரு கணினி மட்டும் இணைப்பில் இருக்கட்டும். பெரிய திரையில் எல்லோரும் பார்க்கலாம். அந்தக் கணினியின் கேமரா பார்வையாளர்கள் பக்கம் திரும்பியிருக்கக் கூடாது. கைபேசிகளை வாசலில் ஒரு பெட்டியில் போட்டுவிட்டு வருவது நல்லது, ஏனென்றால் யாரோ ஒருவர் ஆர்வத்தில் ஒரு படம் எடுத்து நிலைத்தகவலில் போட்டுவிடுவார், அவருக்கு அதில் கெட்ட எண்ணமே இருக்காது.

அவருடைய பக்கத்துப் பாதுகாப்பு இன்னும் முக்கியம். பெகாசஸ் போன்ற உளவு மென்பொருள் கைபேசிக்குள் நுழைய, வந்த சுட்டி எதையும் நாம் தொட வேண்டிய அவசியம் கூட இல்லை. 2019-இல் வாட்ஸ்அப்பின் அழைப்பு வசதி வழியாக மட்டும் சுமார் 1,400 கைபேசிகளைக் குறிவைத்தார்கள். இந்தியாவிலும் செய்தியாளர்களும் செயற்பாட்டாளர்களும் அதில் இருந்தார்கள். கஷோகியோடு தொடர்பில் இருந்த ஒமர் அப்துல்அஸீஸ் கனடாவில் வாழ்ந்தார். அவர் கைபேசியில் அது இருந்ததை டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 2018-இல் கண்டுபிடித்துச் சொன்னது, கொலைக்கு முந்தைய நாள். இருவரும் பேசிக்கொண்டது வேறு யாருக்கோ போய்க்கொண்டிருந்தது. ஐபோன் வைத்திருப்பவர் அதிலுள்ள லாக்டவுன் என்ற கூடுதல் பாதுகாப்பு முறையை இயக்கிவைக்கலாம். மென்பொருள் புதுப்பித்தலைத் தள்ளிப்போடக் கூடாது. சிக்னல் செயலியில் செய்திகள் தானே அழியும்படி வைக்கலாம். சந்தேகம் வந்தால், இணைய உரிமைகளுக்காக இயங்கும் அக்சஸ் நவ் அமைப்பின் உதவி மையம் இருபத்து நான்கு மணி நேரமும் இலவசமாக உதவும். நான் முழுப் பாதுகாப்பு தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வழியைக் கடினமாக்கத்தான் முடியும்.

தல்லாகுளம் வாசகர்

பணத்தைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவிகளை நிறுத்தியபோது, நாடு நீங்கியவர்கள் நடத்தும் செய்தித்தளங்கள் பல ஒரே வாரத்தில் ஆட்களைக் குறைத்தன. அவர் எழுதிவந்த தளமும் அதில் ஒன்று. இப்போது ஒரு கிடங்கில் இரவு வேலை பார்த்துக்கொண்டு பகலில் எழுதுகிறார். வட்டத்தில் ஆளுக்கு ஐந்நூறு, ஆயிரம் என்று சேர்த்து அனுப்பலாம் என்கிறார்கள். ஊரில் இருக்கும் தாயாருக்கே நேரடியாக அனுப்பிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். சட்டப்படி எது சரி?

கே.கே. நகர் வழக்குரைஞர்

தாயாருக்கு அனுப்புவது கூடவே கூடாது. ஹாங்காங்கில் தேடப்படும் அன்னா குவோக்கின் வயதான தந்தை, மகள் பெயரில் இருந்த காப்பீட்டுப் பணத்தை எடுக்க முயன்றார் என்று 2025-இல் கைதாகிக் குற்றம் சாட்டப்பட்டார். நீங்கள் அன்போடு அனுப்பும் தொகை அந்த அம்மாவின் மீது ஒரு வழக்காக மாறலாம்.

வெளிநாட்டிலிருந்து நன்கொடை பெறுவதற்கான கட்டுப்பாடுகளை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கிருந்து அனுப்புவது வேறு விதியின் கீழ் வரும். ரிசர்வ் வங்கியின் தாராளப் பண அனுப்புத் திட்டத்தில் தனிநபர் ஒருவர் தன் கணக்கிலிருந்து, பான் எண்ணோடு, வங்கியில் ஏ2 படிவம் நிரப்பி அன்பளிப்பாகவோ நன்கொடையாகவோ அனுப்பலாம். ஆண்டு வரம்பு இரண்டரை லட்சம் டாலர். நம் தொகைக்கு அது ஒரு பொருட்டே அல்ல. இத்திட்டம் தனிநபர்களுக்கு மட்டுமே. அறக்கட்டளையோ கூட்டு நிறுவனமோ இதைப் பயன்படுத்த முடியாது. ஆகவே வட்டத்தின் பெயரில் வசூலித்து ஒருவர் கணக்கில் குவிக்காதீர்கள். விரும்புகிறவர் அவரவர் கணக்கிலிருந்து அனுப்பட்டும், ரசீது அவரவர் கையில் இருக்கட்டும். கைமாற்று வழியாக, தெரிந்தவர் மூலமாக என்று எவராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பெறுபவருக்குத் தடை செய்யப்பட்ட இயக்கம் எதனோடும் தொடர்பில்லை என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். அது அவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. பெயர் வெளிப்படுவதையே அவர் விரும்பவில்லை என்றால், எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பும், செய்தியாளர்களைப் பாதுகாப்பதற்கான நியூயார்க் குழுவும் தனிநபர்களுக்கு அவசர உதவி தருகின்றன. அவற்றுக்கு விண்ணப்பம் எழுதவும், ஆதாரங்களைத் தொகுக்கவும் நீங்கள் உதவலாம்.

ஆனையூர்வாசி

பணம் கொடுப்பதாக இருந்தால் உதவித்தொகை என்று கொடுக்காதீர்கள். அவரிடம் ஒரு கட்டுரை கேளுங்கள், அதற்குக் கூலியாகக் கொடுங்கள். முகாமில் மாதாமாதம் பணக்கொடை வாங்க வரிசையில் நின்ற குடும்பத்தைச் சேர்ந்தவன் சொல்கிறேன். வாங்கும் கை வாங்கிக்கொண்டே இருந்தால் ஒரு நாள் எழுதுவதை விட்டுவிடும்.

ஒத்தக்கடை ஆசிரியர்

எல்லாவற்றையும் படித்தேன். அறிவிப்பில்லாமல் நடத்துவதை ஏற்கிறேன். ஆனால் என் கருத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க மாட்டேன். நாளை அவரே கைதானால், அல்லது அந்தத் தாயாரை அழைத்துச் சென்றுவிட்டால், அந்த நேரத்தில் நாம் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க முடியாது. முதல் இரண்டு நாட்கள்தான் முக்கியம். ஆகவே இப்போதே அவரிடம் கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை நாள் தொடர்பு இல்லாவிட்டால் நாம் கவலைப்பட வேண்டும், முதலில் யாருக்குச் சொல்ல வேண்டும், எந்த வழக்குரைஞருக்கு, எந்த அமைப்புக்கு, எந்த நிலையில் பெயரை வெளியிடலாம், எந்தப் படத்தைப் பயன்படுத்தலாம், எந்தத் தகவலை எந்நிலையிலும் வெளியிடக் கூடாது. ஹக்கீம் விடுதலையானதற்குக் காரணம் விளம்பரம் மட்டும் அல்ல, அவருக்காகப் பேசத் தயாராக இருந்தவர்கள் உடனே எழுந்ததும்தான். நாம் இன்று மௌனமாக இருக்கலாம். தயாராக இல்லாமல் இருக்கக் கூடாது.

முன்னாள் துணையாசிரியர்

இது சரியான யோசனை. அந்தத் தாளை எழுதும்போது சம்பவங்களைத் தேதி வாரியாகப் பதிவு செய்யவும் அவரிடம் சொல்லுங்கள்: யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு, என்ன கேட்டார்கள், வண்டி எண் என்ன. தஞ்ச வழக்கிலும் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளருக்கு முறையிடும்போதும் அந்தப் பதிவுதான் பேசும். நான் மொழிபெயர்த்துத் தர அணியமாக இருக்கிறேன்.

தல்லாகுளம் வாசகர்

நேற்று இரவு அவரிடம் பேசினேன். இங்கே எழுதப்பட்ட கருத்துகளைப் பெயர் குறிப்பிடாமல் வாசித்துக் காட்டினேன். பதிவு இல்லை, பட்டியல் இல்லை, அறிவிப்பு இல்லை என்பது உறுதி. ஒத்தக்கடை ஆசிரியர் கேட்ட விவரங்களை எழுதித் தர ஒப்புக்கொண்டார். அது வழக்குரைஞர் அம்மாவிடம் மூடிய உறையில் இருக்கும், எங்களில் வேறு யாரிடமும் இருக்காது. கட்டுரைக்குக் கூலி என்றதும் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எத்தனை சொற்கள் வேண்டும், எப்போதைக்கு வேண்டும் என்று கேட்டார். இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று பேசியிருக்கிறோம்; வேறு பெயரில் வரும்.

அவருக்கு இரவு வேலை இருப்பதால் உரையை ஞாயிறு மாலைக்கு மாற்றியிருக்கிறோம். மண்டபத்து ஒலிபெருக்கி தெருவரை கேட்கும் என்பதால் அதைப் பயன்படுத்தப் போவதில்லை. திருநகர் நண்பர் சிறிய ஒலிப்பெட்டி ஒன்றைக் கொண்டுவருகிறார். வர விரும்புகிறவர்கள் இந்த இழையில் எழுத வேண்டாம், என்னை நேரில் தெரிந்தவர்கள் மூலமாகச் சொல்லி அனுப்புங்கள்.